நான்காம் பக்கத்துக்கு ஒரு திருத்தம்

1

இந்தக் கதை ஒரு கல்வெட்டிலிருந்து தொடங்கியது. வெளியூர் வாசகருக்காகச் சொல்லிவிடுகிறேன்: எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்பது கல்லில் வெட்டுவது அல்ல. ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள், மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர்களின் கையில் கொடுக்கும் சின்னப் புத்தகம். அட்டையில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், பிறகு வாழ்க்கைக் குறிப்பு, கடைசியில் நன்றியுரை. வாழ்க்கைக் குறிப்பு நான்காம் பக்கத்தில் வரும். அக்கராயனில் அதை எழுதுவது நான்தான்.

நான் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை. இதுவரை நாற்பத்தொரு பேருக்கு எழுதியிருக்கிறேன். அத்தனை பேரையும் விருந்தினரை இன்முகத்தோடு வரவேற்றவர்களாக ஆக்கியிருக்கிறேன், வாழ்நாளில் ஒருவருக்கும் ஒரு வாய் தண்ணீர் கொடுக்காத ஏரம்பரைக்கூட. அதில் எனக்குப் பெரிய வெட்கம் இருந்ததில்லை.

நாற்பத்தோராவது கல்வெட்டு விதுசனுடையது. வயது இருபத்துமூன்று. சென்ற ஆவணியில் மலைநாட்டுக்கு ஒரு சைக்கிள் போட்டிக்குப் போய் இறந்தான். அவனுடைய நான்காம் பக்கத்தில் நான் எழுதிய வாக்கியம் இது:

"சைக்கிளைப் பழுதுபார்த்தவரின் கவலையீனத்தால் பிறேக் கட்டைகள் கழன்று வீழ்ந்தமையே இவ்விளந்தளிர் கருகக் காரணமாயிற்று."

முந்நூறு பிரதி அச்சடித்தார்கள். வாக்கியம் பொய். எழுதும்போது அது பொய் என்று எனக்குத் தெரியாது, ஆனால் (                    ).

அடைப்புக்குறி வெறுமையாகவே இருக்கட்டும். பிறகு நிரப்புகிறேன்.

2

கைவிட்ட தொடக்கங்கள்.

"செங்குத்தான மலைவீதியில் ஒரு சைக்கிள் மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. பனிமூட்டம் தேயிலைச் செடிகளை" — இதை இங்கேயே விட்டேன். எனக்கு மலை தெரியாது. எங்கள் ஊரில் ஆக உயர்ந்த இடம் குளக்கட்டு. மலைநாட்டுக்கு நான் ஒரேயொரு தடவை, பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போனேன். போன வழி முழுக்க வாந்தி எடுத்தேன். ஒரு பொலித்தீன் பையின் அடியைத் தவிர வேறொன்றையும் பார்த்த நினைவில்லை.

"விதுசனுக்குச் சிறுவயது முதலே மலை என்றால் உயிர்." இது கல்வெட்டுக்காரி எழுதியது. அவன் மலையைக் கண்டதே இல்லை.

"சுதாஜினி நெல்லுத் தராசை முற்றத்துக்கு இழுத்துவந்தாள்." இதுதான் சரியான தொடக்கம். ஆனால் இதிலிருந்து தொடங்கினால் சுதாஜினி யார், ஏன் தராசு என்று திரும்பிப் போய்ச் சொல்லவேண்டும். எனவே கொஞ்சம் முன்னாலிருந்து வருகிறேன்.

3

சுதாஜினி விதுசனின் அக்கா. முப்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. குளத்துக்குக் கீழே இரண்டு ஏக்கர் வயலைத் தானே செய்கிறாள். தகப்பன் கடைசி யுத்தத்தில் போனார். தாய் விமலேஸ்வரிக்கு மிஞ்சியது இந்த இரண்டு பேரும்தான்.

பள்ளிக்கூடத்தில் சுதாஜினி ஓட்டக்காரி. எண்ணூறு மீற்றரில் அவளைப் பிடிக்க ஆள் இல்லை; நானே விசில் பிடித்து நின்றிருக்கிறேன். பதினாறாவது வயதில், யுத்தம் முடிந்த கையோடு, அவள் முள்ளுக்கம்பி முகாமில் இருந்தாள். வெளியே வந்தபிறகு ஓடவில்லை. விதுசன் வளர்ந்து, சைக்கிளில் மற்றப் பெடியளைப் பின்னால் விட்டுப் போவதைக் கண்டபோது, தான் ஓடாத ஓட்டமெல்லாம் அவளுக்குத் திரும்பி வந்தது. (இந்த வாக்கியம் கொஞ்சம் அழகாக வந்துவிட்டது. அவள் சொன்னது இவ்வளவுதான்: "அவனைப் பாக்க எனக்கு ஆசையா இருந்தது, ரீச்சர்.")

போட்டி நோட்டீசை அவள்தான் கொண்டுவந்தாள். சாதாரண சைக்கிள் பிரிவு. பதினொரு கிலோமீற்றர் ஏற்றம், சில இடங்களில் இருபது வீதச் சாய்வு. முதல் ஆறு பேர் தேசியப் பயிற்சிக்கு எடுக்கப்படுவார்கள். முடிவிடம் மலையுச்சி. வீரர்களும் சைக்கிள்களும் லொறியில் கீழே இறக்கப்படுவார்கள்.

இருபது வீதம் என்றால் என்ன என்று அவள் கொப்பியில் கீறிக் காட்டினாள். நூறு அடி போனால் இருபது அடி உயரம்.

"அப்ப அது றோட்டில்லை அக்கா, ஏணி," என்றான் விதுசன்.

"ஏணியில ஏறின ஆக்களும் இருக்கினம். நீ மிதி."

தாய்க்கு விருப்பமில்லை. "மலையும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம். இருக்கிறது ஒரு பெடியன்," என்றா விமலேஸ்வரி. குசினி வாசலில் நின்றுகொண்டு சுதாஜினி சொன்னாள்: "நானும் கூடப் போறன் அம்மா. நான் பாத்துக்கொள்ளுறன்."

அதன்பிறகுதான் தாய் சம்மதித்தா. வாசகர் இந்த ஒரு பேச்சை மறக்காமல் வைத்திருந்தால் போதும். சுதாஜினி ஒருநாளும் மறக்கவில்லை.

ஏற்றமே இல்லாத ஊரில் ஏற்றத்துக்கு எப்படிப் பழகுவது? எங்கள் வன்னியில் ஒரு சைக்கிளின் பலத்தை அதில் ஏற்றுகிற பாரத்தைக்கொண்டுதான் அளப்போம். விறகு ஏற்றுவோம், நெல் ஏற்றுவோம், இடம்பெயர்ந்தபோது வீட்டையே ஏற்றினோம். ஆகவே கடினம் என்றால் பாரம் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த கணக்கு. சுதாஜினியும் அந்தக் கணக்கையே போட்டாள். கரியரில் முப்பது கிலோ நெல்லைக் கட்டி, அதற்குமேல் ஐம்பத்தாறு கிலோவாகத் தானும் ஏறி உட்கார்ந்தாள். சோளகக் காற்று முகத்தில் அடிக்க, அக்கராயன் குளக்கட்டில் இந்தத் தலைக்கும் அந்தத் தலைக்கும் அவன் மிதித்தான். அவன் நூறுவரை எண்ணுவான், பிறகு ஒன்றிலிருந்து தொடங்குவான். அவளும் பின்னாலிருந்து சேர்ந்து எண்ணுவாள்.

கட்டு முடிகிற இடத்தில் பதினைந்து அடி இறக்கம் வரும். அங்கே விதுசன் முன் சில்லில் காலை வைத்து அழுத்துவான், சைக்கிள் நின்றுவிடும். ஊரில் பாதிச் சைக்கிளுக்குப் பிறேக் கிடையாது. எல்லோரும் அப்படித்தான் நிறுத்துவோம்.

4

இனி மீனம்மா வரவேண்டும். முதல் இரண்டு பிரதிகளில் இந்த இடத்திலிருந்து நான் அவளை வெட்டிவிட்டேன்.

காரணம் கலைநயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லி எச்சரிக்கிற ஒரு பாத்திரம் வந்தால் வாசகர் நம்பமாட்டார். கதைக்காரியின் வசதிக்காக இழுத்துவந்து நிறுத்தியதுபோல் இருக்கும். அவள் இல்லாமலும் கதை நன்றாகவே ஓடியது. மூன்றாவது தடவை வாசித்தபோதுதான் பார்த்தேன், ஊர் அவளுக்கு என்ன செய்ததோ அதையே நானும் கதையில் செய்திருந்தேன். அவள் சொன்னதை நம்பவில்லை, அவளையும் தள்ளி வைத்துவிட்டேன்.

ஆகவே மீனம்மா. நாற்பத்தைந்து வயது. அக்கராயன் சந்தியில் தகரக் கொட்டிலில் சைக்கிள் திருத்துகிறாள். புருசனின் தொழில், புருசன் போனபிறகு அவளுடையது. ஜெயபுரத்தில் பிறந்தவள். தாய் தகப்பன் ஒரு கலவரத்தில் மலையிலிருந்து துரத்தப்பட்டு வன்னிக்கு வந்தவர்கள். அவள் மலையை ஒருநாளும் கண்டதில்லை. ஆனாலும் ஊருக்கு அவள் மலைநாட்டாள்தான். எங்கள் ஊரில் வயதுக்கு மூத்த பெண் எவளும் அக்கா, மாமி, அன்ரி என்று எதுவோ ஒரு முறை பெறுவாள். மீனம்மாவை மட்டும் பத்து வயதுப் பிள்ளையும் மீனம்மா என்றே கூப்பிடும். நானும் அப்படித்தான்.

போட்டிக்கு முந்திய வியாழக்கிழமை சுதாஜினியும் விதுசனும் சைக்கிளைக் கொண்டுபோனார்கள்.

"சில்லுக் கோட்டம் எடுத்து, எண்ணெய் விட்டு, பிறேக் ரெண்டையும் கழட்டிவிடும் மீனம்மா," என்றாள் சுதாஜினி. "பாரம் குறையோணும்."

மீனம்மா நிமிரவில்லை. "பிரேக்க எதுக்குங்க கழட்டணும்?"

"ஏறத்தான் போட்டி. இறங்கிறது லொறியில. நோட்டீசில போட்டிருக்கு."

"லொறி வரலன்னா?"

"வரும். எழுத்தில இருக்கு."

"எங்கப்பா கொழுந்து லொறியில வேல செஞ்சவரு தங்கச்சி. ஏத்தத்துல லொறி நின்னு நின்னு போகுமாம். விழுந்த லொறி பூரா எறக்கத்துல விழுந்ததுதானாம்."

"நீர் மலையைக் கண்டனீரோ?"

"இல்லீங்க. நான் இங்க பொறந்தவ."

"பிறகென்ன?"

விதுசன் சிரித்தான். "அக்கா எல்லாம் கணக்குப் பாத்து வைச்சிருக்கிறா மீனம்மா. நீர் பயப்பிடாதையும்."

"மத்தது எல்லாம் பாத்துத் தர்றேன். பிரேக்க நா கழட்டமாட்டேன்," என்றாள் மீனம்மா. அந்த நேரம் சுதாஜினிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. வெயிலுக்குள் நின்று கதைத்தாள். விதுசன் எதிர்க்கடைக்கு ரீ குடிக்கப் போய்விட்டான். அந்தக் கால் மணித்தியாலத்தில் மீனம்மா சைக்கிளுக்கு என்ன செய்தாள் என்று இருவரும் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் சுதாஜினி சொன்னாள்: "தோட்டக்காட்டாளுக்கு வாய் கூடிப்போச்சு."

[இந்தப் பேச்சையும் முதல் பிரதிகளில் வெட்டியிருந்தேன். சுதாஜினிமேல் இரக்கப்பட்டு அல்ல. மலைநாட்டு ஆட்களை இழிவாகச் சொல்லும் அந்தச் சொல் என் வாயிலும் வந்திருக்கிறது, வகுப்பறையில், பிள்ளைகளுக்கு முன்னால்.]

5

சுதாஜினி நெல்லுத் தராசை முற்றத்துக்கு இழுத்துவந்தாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம். தாய் கோயிலுக்குப் போயிருந்தா. மட்காட் இரண்டும், மணி, ஸ்ராண்ட், கரியர், செயின் கவர் எல்லாவற்றையும் கழற்றித் தராசில் வைத்தார்கள். முள் ஐந்து கிலோவுக்குக் கிட்ட வந்தது. விதுசனுக்குச் சந்தோசம்.

பிறகு அவள் பிறேக்குக்கு வந்தாள். கம்பிகள், கட்டைகளைத் தாங்குகிற கவைகள், நான்கு கட்டைகள். ஸ்பானர் வழுக்கி அவளுடைய விரல் கிழிந்தது. ஹான்டிலில் இருந்த பிடிகளை மட்டும் கழற்றாமல் விட்டாள். பிறேக் இல்லாத சைக்கிளை ஓட விடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். பார்க்கிறவர்கள் கையைத்தான் பார்ப்பார்கள் என்றும் தெரியும்.

கழற்றியதைத் தராசில் வைத்தாள். அது நெல் நிறுக்கிற தராசு, மூட்டைக்குச் செய்தது. முள் அசைந்த மாதிரியும் இருந்தது, அசையாத மாதிரியும் இருந்தது.

"எவ்வளவு?" என்றான் விதுசன்.

"ஒரு கிலோ வரும்," என்றாள் அவள். எல்லாவற்றையும் பேப்பரில் சுற்றி நெல் மூட்டைக்குப் பின்னால் வைத்தாள்.

6

மலை. எனக்குத் தெரியாதது. சுதாஜினி சொன்னதை வைத்துத்தான் எழுதுகிறேன். அவளும் அதை ஒரு வான் வண்டியின் கண்ணாடிக்குள்ளால்தான் பார்த்தாள்.

துணைக்கு வந்தவர்களை ஏற்றிய வான் ஓட்டக்காரர்களுக்குப் பின்னால் போனது. முதல் நான்கு கிலோமீற்றரில் அவளுக்குப் பயமில்லை. பிறகு ஒரு வளைவு திரும்பியது, வீதி அவளுக்கு முன்னால் எழுந்து நின்றது. வான் முதலாம் கியருக்கு மாறி முனகியது. அவளுடைய முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. முன்னால் போன சைக்கிள்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கித் தள்ளத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் அவளுக்குத் தன் கணக்குப் பிழை என்று விளங்கியது. குளக்கட்டில் எண்பத்தாறு கிலோ பாரத்தோடு மிதிப்பதை ஒரு விநாடி நிறுத்தினால் சைக்கிள் தன்பாட்டில் கொஞ்சத் தூரம் உருளும். அந்த விநாடிக்குள் மூச்சு எடுக்கலாம். இங்கே மிதி நின்றால் சைக்கிளும் நிற்கும், அடுத்த நொடி பின்னுக்கு இழுக்கும். மூச்சு எடுக்க இடமே இல்லை. பாரம் மனிதனை விட்டு இறங்கும், இந்த வீதி இறங்காது.

விதுசன் இறங்கவில்லை. இருக்கையை விட்டு எழுந்து நின்று, முழு உடம்பையும் ஒரு மிதியில் போட்டு, பிறகு மற்ற மிதியில் போட்டான். நேரே ஏறமுடியாமல் வீதியின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் குறுக்கே குறுக்கே வெட்டி ஏறினான். ஒவ்வொரு மிதிக்கும் முன் சில்லு தரையை விட்டு ஒரு விரற்கடை கிளம்பியது. அதை அமத்த அவன் நெஞ்சை ஹான்டிலில் சாய்த்தான். வாயால் எச்சில் நூலாக வழிந்தது. வான் அவனைக் கடந்தபோது அவனுடைய உதடு அசைவதைக் கண்டாள். எண்ணிக்கொண்டிருந்தான்.

எழுபத்திரண்டு. எழுபத்துமூன்று. வானுக்குள் அவளும் எண்ணத் தொடங்கினாள். பக்கத்திலிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். நூறு வந்தது, ஒன்றிலிருந்து தொடங்கினாள். தேயிலைக்குள் நின்ற பெண்கள் கூடையோடு கை தட்டினார்கள். எத்தனை நூறு என்று அவளுக்கு நினைவில்லை.

உச்சியில் அவள் காத்து நின்றாள். ஒருவன் வந்தான், இன்னொருவன், பிறகு இரண்டுபேர் ஒன்றாக. ஐந்தாவதாகப் பனிக்குள்ளிருந்து விதுசன் வந்தான். கோட்டைத் தாண்டியதும் சைக்கிளோடு சரிந்தான். அவள் ஓடிப்போய்த் தூக்கினாள். அவன் உடம்பு முழுக்க நடுங்கியது.

"ஐஞ்சு, தம்பி. ஐஞ்சாவது."

அவன் அழுதான், அவளும் அழுதாள். கல்வெட்டில் நான் எழுதியிருக்கவேண்டியது இதைத்தான். கதை இங்கே முடிந்தால் எவ்வளவு நல்லது. வேண்டுமானால் நீங்கள் இங்கே நிறுத்திவிட்டுப் போகலாம், நான் குறை நினைக்கமாட்டேன்.

7

லொறி வரவில்லை. தூறல் தொடங்கியது. இன்னும் அரை மணித்தியாலம் என்றார்கள். உச்சியில் ஒதுங்க ஒரு கூரையும் இல்லை. வியர்வை குளிர்ந்து எல்லோருக்கும் பல் கிடுகிடுத்தது. சிலர் சைக்கிளிலேயே இறங்கத் தொடங்கினார்கள்.

"அக்கா, குளிர் தாங்கேலாமல் கிடக்கு. நானும் மெதுவா இறங்கிறன். கால் வைச்சா நிக்கும்தானே," என்றான் விதுசன்.

நாலடி தள்ளி ஒரு மேசை. குடைக்குக் கீழே ஒருவர் முதல் ஆறு பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். நான்காவது பெயரில் நின்றது அவருடைய பேனை. சுதாஜினி பிறேக் என்ற சொல்லை அந்த இடத்தில் சத்தமாகச் சொன்னால் ஐந்தாவது பெயர் எழுதப்படாது. சில கணங்கள் அவள் தயங்கினாள். குளக்கட்டு இறக்கத்தில் அவன் கால் வைத்து நிறுத்துவது அவளுடைய கண்ணுக்குள் வந்தது. விதுசன் கையைக் காட்டிவிட்டு முதல் வளைவில் மறைந்தான்.

[மூன்றாம் வளைவில் நடந்ததை நான் எழுதவில்லை. எழுதினேன், கிழித்தேன். ஒன்றை மட்டும் விடுகிறேன்: அவனுடைய வலது சப்பாத்தின் அடி தேய்ந்து, ஓட்டை விழுந்து, உள்ளே கால் தெரிந்தது. கடைசிவரை அவன் கால் வைத்திருக்கிறான்.]

லொறி பதினைந்து நிமிடத்தில் வந்தது.

8

செத்தவீட்டில் விமலேஸ்வரி மகளைப் பார்த்து ஒரு சொல்தான் சொன்னா.

"பாக்கிறன் எண்டாயே, பிள்ளை."

சுதாஜினி வாயைத் திறந்தாள். திறந்தது எனக்குத் தெரியும், பக்கத்துக் கதிரையில் நான் இருந்தேன். அதற்குள் முற்றத்தில் வளைந்து, பாதிப் பாகம் இல்லாமல் கிடந்த சைக்கிளைப் பார்த்த ஆம்பிளைகளில் ஒருவர் சொன்னார்: "பிறேக் கட்டை ஒண்டும் இல்லை. கழண்டு விழுந்திருக்கு. ஆர் உதைப் பாத்தது?"

"வியாழக்கிழமை மீனம்மா பாத்தவ," என்றார் இன்னொருவர்.

தாயின் முகம் மகளை விட்டுத் திரும்பியது. சுதாஜினி வாயை மூடினாள்.

மீனம்மா செத்தவீட்டுக்கு வந்தாள். வாசல் படலைக்கு உள்ளே விடவில்லை. வெளியே நின்று, "நா கழட்டலைங்க. நா எறுக்கித்தான் குடுத்தேன். கழட்டச் சொன்னாங்க, நா கழட்டல," என்று மூன்றுதரம் சொன்னாள். யாரோ அவளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்போது முதலாம் பகுதியின் அடைப்புக்குறி. எழுதும்போது அது பொய் என்று எனக்குத் தெரியாது, ஆனால் (படலையில் அவள் சொன்னது என் காதில் விழுந்தது, முப்பது நாள் இருந்தது, நான் போய் அவளிடம் கேட்கவில்லை). எழுதிய பக்கத்தைச் சுதாஜினிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "சரி ரீச்சர்," என்றாள். அழுகையால் தலை குனிந்தாள் என்று நினைத்தேன்.

முந்நூறு கல்வெட்டும் ஊருக்குள் போயின. மீனம்மாவின் கொட்டிலுக்குச் சைக்கிள் வருவது நின்றது. யாரோ அவளுடைய காற்றடிக்கிற பம்பை உடைத்துப் போட்டார்கள். என் சைக்கிளையும் நான் கிளிநொச்சிக்குக் கொண்டுபோய்த்தான் திருத்தினேன்.

9

ஆண்டுத் திவசம் நெருங்கியது. அதற்கும் ஒரு சிறு மலர் அடிப்பது வழக்கம். சென்ற மாதம் சுதாஜினி என் வீட்டுக்கு வந்தாள். மலருக்கு எழுதச் சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று கொப்பியை எடுத்தேன். அவள் ஒரு துணிப்பையை மேசையில் கவிழ்த்தாள். பேப்பரில் சுற்றிய கம்பிகள், கவைகள், நான்கு கட்டைகள்.

"நான்தான் ரீச்சர் கழட்டினனான்."

இரண்டு மணித்தியாலம் சொன்னாள். மேலே நீங்கள் வாசித்ததெல்லாம் அதுதான். முடிவில், "இதை எழுதுங்கோ. மீனம்மா செய்யேல்லை எண்டு ஊர் அறியோணும். ஆனா என்ர பேரைப் போடாதேங்கோ," என்றாள்.

"உன்ர பேர் இல்லாட்டி ஆர் நம்புவினம்?"

"அம்மா என்னோட கதைக்கிறதை விட்டிடுவா. அவாக்கு என்னை விட்டா ஆர் இருக்கினம், ரீச்சர்? எனக்கும் ஆர்?"

ஆகவே கதையாக எழுதலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். பெயர்களை மாற்றுவது கதையில் குற்றமில்லை.

எழுதி முடித்ததும் (எட்டாம் பகுதிவரை) மீனம்மாவிடம் கொண்டுபோனேன். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தக் கொட்டிலுக்குள் போகிறேன். எனக்கு ஒரு பெட்டியைத் துடைத்துப் போட்டாள். தான் நிலத்தில் இருந்தாள். முழுவதையும் வாசித்துக் காட்டினேன். முடிந்தபிறகு கேட்டாள்:

"இது என்னா டீச்சர், கதையா?"

"ஓம், கதை."

"மொதல்ல ஒரு புஸ்தகம் போட்டீங்களே, அது?"

"அது கல்வெட்டு."

"பொய்ய கல்வெட்டுல போட்டீங்க. நெசத்த கதையில போடுறீங்க."

வேறு செய்யத் தெரியாமல் துணிப்பையை அவிழ்த்து அவளுக்கு முன்னால் வைத்தேன். மீனம்மா ஒரு கட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பெருவிரலால் அதன் முகத்தைத் தடவினாள்.

"புதுசு," என்றாள். "பழைய கட்டை தேஞ்சு கெடந்துச்சு. மலைக்குப் போற புள்ளையாச்சேன்னு நாலையும் மாத்துனேன், அன்னிக்கி. கேக்காமதான் மாத்துனேன்." மற்ற மூன்றையும் எடுத்துப் பார்த்தாள். "ஒரு தடவகூட புடிக்கலையே."

அந்தக் கால் மணித்தியாலத்தில் அவள் செய்தது இதுதான். இந்த விசயம் சுதாஜினிக்கே தெரியாது. போய்ச் சொன்னேன். அவள் அழவில்லை. எழுந்து போய் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் நின்றாள், நான் அங்கிருந்து கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

அன்று கொட்டிலிலிருந்து நான் புறப்படும்போது மீனம்மா ஒன்று கேட்டாள். "எம் பேர மட்டும் மாத்திடாதீங்க டீச்சர்." மாற்றவில்லை. இந்தக் கதையில் சுதாஜினி என்பது சுதாஜினியின் பெயர் அல்ல. விதுசன், விமலேஸ்வரி, எதுவும் அவர்களுடைய பெயர் அல்ல. மீனம்மா என்பது மீனம்மாவின் பெயர்.

10

முடிவுகள்.

முதல் முடிவு: திவசச் சாப்பாட்டில் சுதாஜினி எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் சொல்கிறாள். விமலேஸ்வரி மகளைக் கட்டிப்பிடித்து — இல்லை. விமலேஸ்வரியை எனக்கு நாற்பது வருடமாகத் தெரியும். அவா கட்டிப்பிடிக்கமாட்டா.

இரண்டாவது: ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மீனம்மா கொட்டிலைப் பூட்டிக்கொண்டு ஜெயபுரத்துக்குப் போகிறாள். இதற்குக் கற்பனை தேவையில்லை, அடுத்த மாதம் போகத்தான் நினைக்கிறாளாம்.

மூன்றாவது: கதையை விட்டுவிட்டு, திவச மலரின் நான்காம் பக்கத்தில் ஒரு திருத்தம். அதற்கான வாக்கியத்தைத் தயாரித்து, இந்தப் பிரதியோடு சேர்த்துச் சுதாஜினியிடம் கொடுத்தேன்:

"சென்ற கல்வெட்டில் நான் எழுதியது பொய். பிறேக்கைக் கழற்றியவர் மீனம்மா அல்ல. கழற்றியவர்                    ."

இடத்தை வெறுமையாக விட்டேன். நிரப்பினால் அச்சுக்குப் போகும், நிரப்பாவிட்டால் கதையாகவே இருக்கட்டும் என்று அவளிடம் சொன்னேன். நாளை மறுநாள் அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டும். இன்று காலை பிரதி திரும்பி வந்தது.

பென்சிலால் ஒரேயொரு திருத்தம் செய்திருக்கிறாள். ஏழாம் பகுதியில், சில கணங்கள் அவள் தயங்கினாள் என்று நான் எழுதியதை வெட்டி, மேலே எழுதியிருக்கிறாள்: "இல்லை ரீச்சர். நான் யோசிச்சனான். யோசிச்சிட்டுத்தான் பேசாமல் நிண்டனான்."

அதை அச்சில் திருத்தவில்லை. நான் அவளுக்கு எவ்வளவு வக்காலத்து வாங்கினேன் என்று நீங்கள் பார்க்கவேண்டும்.

கடைசிப் பக்கத்தில் வெறுமையாக விட்ட இடம் வெறுமையாகவே இருந்தது. கண்ணாடியைப் போட்டுக் கிட்டவைத்துப் பார்த்தேன். தொடக்கத்தில் பென்சில் முனையை ஊன்றி எடுத்த ஒரு புள்ளி இருக்கிறது. ஊன்றிய இடத்தில் தாள் பொத்துப்போயிருக்கிறது.

அவளுடைய உண்மையான பெயர் எனக்குத் தெரியும். பேனை என் கையில் இருக்கிறது, அச்சகத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, அந்தத் தாயையும் எனக்குத் தெரியும். ஒரு தடவை கேட்காமல் எழுதினேன். இன்னொரு தடவை கேட்காமல் எழுதலாமா என்று எனக்குத் தெரியவில்லை. இந்தப் பிரதியை இப்போது உங்களிடம் தருகிறேன். உங்களுக்குப் பெயர் தெரியாது, ஆனால் யார் என்று தெரியும். நீங்கள் என்றால் அந்த இடத்தில் என்ன செய்வீர்கள்?

மீனம்மா சந்தியில் இன்னும் இருக்கிறாள். என் சைக்கிளின் முன் பிறேக் கொஞ்ச நாளாகப் பிடிக்கவில்லை. நாளைக்கு அவளிடம் கொண்டுபோகிறேன். பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க. இதுவரைக்கும் என்னால் எழுத முடிந்த முடிவு இவ்வளவுதான்.